மேகப் படத்தில் ஏதோ சரியில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஐப்பசி பிறந்தால் என் கைப்பேசிக்கு மேகப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அப்படித்தான் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு, நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் படத்தை அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார்.

“தம்பி, டெல்டா முழுக்கச் செக்கச்செவேல்னு காட்டுது. இங்க ஒரு பொட்டு மழை இல்ல. நிலாவைச் சுத்தி வட்டம் கட்டியிருக்கு, அவ்வளவுதான். சாட்டிலைட் கெட்டுப்போச்சா?”

கெடவில்லை. அந்த நிலா வட்டத்திலேயே பதில் இருந்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். செயற்கைக்கோள் தவறாகக் காட்டுகிறது என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். நாம் “மழை பெய்கிறதா?” என்று கேட்கிறோம், படமோ “மேகத்தின் தலை எவ்வளவு குளிராக இருக்கிறது?” என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களும், அறுவடைக்குக் காத்திருப்பவர்களும் இந்தப் படங்களை நம்பிப் பார்க்கிறார்கள். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் படத்தின் ஓரத்தில் இருக்கும் எழுத்தை முதலில் படியுங்கள். எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைவரிசை, எத்தனை மணி? இந்த மூன்றும் இல்லாமல் வெட்டி அனுப்பப்பட்ட படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நமக்குப் படம் தருபவை முக்கியமாக இந்தியாவின் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ். பின்னது 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட்டில் போனது. இவை பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். இவற்றின் கேமராவுக்கு ஆறு அலைவரிசைகள்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு, அதாவது விசிபிளுக்கு ஒன்று, 1.6 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே ஒன்று (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 3.9 மைக்ரான் அருகே ஒன்று, நீராவிக்கு ஒன்று, வெப்ப அகச்சிவப்பில் இரண்டு. ஆறும் ஆறு வேறு கேள்விகள்.

படம் கறுப்பாக இருக்கிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் கறுப்பு

நீங்கள் திறந்திருப்பது விசிபிள் படம். சூரிய ஒளி பட்டுத் திரும்பி வந்தால்தான் அதில் படம். ராத்திரியில் கறுப்புதான் வரும். 1.6 மைக்ரான் படமும் இதே கதை. அதிகாலையில் கிழக்குப் பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அது விடியல் கோடு, பிழையில்லை. ராத்திரிக்கு வெப்ப அகச்சிவப்புப் படத்துக்கு மாறுங்கள்.

படம் பழையதாக இருக்கிறது

மணியைப் பாருங்கள். பெரும்பாலும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் இருக்கும். அதோடு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். 0000 என்றால் நமக்குக் காலை 5.30. புயல் நேரத்தில் இதைக் கவனிக்காமல் பழைய படத்தைப் புதிது என்று பரப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அந்த மணி, படம் எடுக்கத் தொடங்கிய மணி. இன்சாட் கேமரா ஒரே சொடுக்கில் படம் பிடிப்பதில்லை. அதன் கண்ணாடி கிழக்கு மேற்காக ஆடி ஒரு பட்டையைப் படித்துவிட்டு, ஒரு படி தெற்கே இறங்கி அடுத்த பட்டையைப் படிக்கும். இப்படி வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை, பூமியின் முழு வட்டை முடிக்க சுமார் 26 நிமிடம். தமிழ்நாடு நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் நம் பக்கத்தைத் தொட ஏறத்தாழ 10 நிமிடம் ஆகியிருக்கும். வேகமாக வளரும் இடிமேகத்தை ராடார் படத்தோடு ஒப்பிடும்போது இந்த 10 நிமிடம் பெரிய வித்தியாசம்.

படத்தில் செக்கச்செவேல், தரையில் மழை இல்லை

நாகப்பட்டினத்து அண்ணனின் கேள்வி இதுதான். அதிகம் பேர் ஏமாறுவதும் இங்கேதான்.

முதலில் வண்ண அளவுகோலைப் பாருங்கள். சிவப்பு என்பது படம் தயாரித்தவர் தேர்ந்தெடுத்த நிறம். ஒருவர் மைனஸ் 60 டிகிரிக்குச் சிவப்பு வைப்பார், இன்னொருவர் மைனஸ் 80க்கு வைப்பார். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள்.

எண்ணும் மைனஸ் 50, 60 என்று இருந்தால், அந்த இடத்தில் மேலே ஏதோ குளிராக இருக்கிறது என்று மட்டும் உறுதி. அகச்சிவப்புக் கேமரா மேகத்தின் மொட்டைமாடியைத்தான் பார்க்கிறது. கீழே வீடு பத்து மாடியா, அல்லது மாடி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. 15 கி.மீ. உயரம் வரை எழும்பிய இடிமேகமும் குளிர்தான். எங்கோ கடலில் எழும்பிய இடிமேகத்திலிருந்து பிய்ந்து, மேல்காற்றில் நூறு நூறு கி.மீ. தள்ளி வந்த பனித்துகள் படலமும் குளிர்தான். இந்தப் படலத்தைத்தான் கீற்று மேகம் என்கிறோம். அதிலிருந்து மழை தரைக்கு வருவதில்லை.

நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியது அந்தப் பனித்துகள்களால்தான். நிலவொளி அறுகோணப் பனிப் படிகங்கள் வழியாக வளைந்து வரும்போது 22 டிகிரி தள்ளி ஒரு வட்டம் விழும். வட்டம் தெரிகிறது என்றால் மேலே பனிப் படலம் இருக்கிறது, ஆனால் நிலா தெரியும் அளவுக்கு மெல்லியது. அண்ணன் வாசலில் நின்று பார்த்ததும், 35,786 கி.மீ. மேலிருந்து செயற்கைக்கோள் பார்த்ததும் ஒரே பொருள். அவர் கீழிருந்து பார்த்தார், அது மேலிருந்து பார்த்தது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அப்ப ரெண்டும் சரிதானா தம்பி?” என்றார். ரெண்டும் சரி.

நிலா இல்லாத நாளில் எப்படிப் பிரிப்பது? நான் பார்க்கும் வரிசை இது. கடைசி மூன்று மணி நேரப் படங்களை ஓடவிடுங்கள். கீற்று மேகம் ஒரே திசையில் வேகமாக வழுக்கிப் போகும், ஓரம் இழை இழையாகக் கலைந்திருக்கும். மழை மேகம் நின்ற இடத்தில் வீங்கும், காற்று வரும் பக்கத்து ஓரம் வெட்டினாற்போல் கூர்மையாக இருக்கும். அடுத்து, இரண்டு வெப்ப அகச்சிவப்பு அலைவரிசைகளையும் ஒப்பிடுங்கள். சுமார் 11 மைக்ரானில் வரும் வெப்பநிலைக்கும் 12 மைக்ரானில் வருவதற்கும் சில டிகிரி வித்தியாசம் இருந்தால் மெல்லிய கீற்று. ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தடித்த மேகம். பகல் என்றால் வேலை இன்னும் சுலபம். விசிபிள் படத்தில் கீற்று மேகத்துக்குக் கீழே கடற்கரைக் கோடு தெரியும். இடிமேகத்தின் தலை காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக, சாய்வெயிலில் நிழல் விழுந்து நிற்கும். இதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் ராடார்தான் தீர்ப்பு.

படகு இறக்கலாமா என்பதை மட்டும் மேகப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை இருக்கிறது. கடல் சீற்றமும் காற்றும் மேகமே இல்லாத இடத்திலும் இருக்கும்.

மழை கொட்டுகிறது, படத்தில் ஒன்றும் இல்லை

முந்தையதற்கு நேர் எதிர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் விடியற்காலையில் கடலிலிருந்து ஏறிவந்து அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகும் மழையைப் பார்த்திருப்பீர்கள். பல சமயம் அந்த மேகங்கள் 4, 5 கி.மீ. உயரத்தைத் தாண்டுவதில்லை. நம் பகுதியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்குவதே சுமார் 5 கி.மீ. உயரத்தில்தான். ஆக மேகத்தின் தலை பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருக்கும். மைனஸ் 40க்குக் கீழே மட்டும் நிறம் பூசும் படத்தில் இது மங்கலான சாம்பலாகக் கடந்து போய்விடும். பனி உருவாகாமலேயே சின்னத் துளிகள் ஒன்றோடு ஒன்று மோதிச் சேர்ந்து பெய்யும் மழை இது.

செய்ய வேண்டியது: வண்ணப் படத்தை மூடிவிட்டுச் சாதாரணக் கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் படத்தைத் திறங்கள். வெளிச்சம் வந்ததும் விசிபிள் படத்தில் கடலிலிருந்து கரை நோக்கி வரிசை கட்டி வரும் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகளைத் தேடுங்கள். சென்னை, காரைக்கால் ராடார்கள் இந்த மழையைத் தெளிவாகக் காட்டும்.

மேகம் இடம் தள்ளித் தெரிகிறது

சென்னையில் இடி இடிக்கிறது. படத்தில் மேகம் திருவள்ளூர் மேல் நிற்கிறது. ராடாரில் மெரினா மேல். எது பொய்?

முதலில் மேகமில்லாத கரை எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். இலங்கையின் வடமுனையோ ராமேசுவரமோ போதும். நிலமே வரைகோட்டிலிருந்து விலகி இருந்தால் அது படத்தை வரைபடத்தோடு பொருத்தியதில் வந்த பிழை. அடுத்தடுத்த படங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். நிலம் சரியாகப் பொருந்தி, மேகம் மட்டும் விலகி இருந்தால் அது இடமாறு தோற்றம். ஒரு விரலை நீட்டி இடக்கண்ணால் ஒரு முறை, வலக்கண்ணால் ஒரு முறை பாருங்கள். விரல் பின்சுவரில் இடம் மாறும். மேகம்தான் விரல், தரைதான் சுவர்.

எவ்வளவு விலகும் என்பது செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னைக்கு மேலே 15 கி.மீ. உயரத்தில் மேகத்தின் தலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டேன். கிழக்குத் தீர்க்கரேகை 82 டிகிரியில் நிற்கும் இன்சாட்-3டிஎஸ் ஏறக்குறைய நம் நெற்றிக்கு மேலிருந்து பார்க்கிறது. அதில் மேகம் சுமார் 4 கி.மீ. வடக்கே தள்ளும், அவ்வளவுதான். ஜப்பானின் ஹிமவாரி-9 நிற்பது 140.7 டிகிரியில். சென்னையிலிருந்து பார்த்தால் கிழக்கு வானில் வெறும் 20 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அது நம்மைச் சாய்வாகப் பார்ப்பதால் மேகம் 40 கி.மீ. மேற்கே விழும். மெரினா மேகம் திருவள்ளூருக்குப் போனது இப்படித்தான். ஐரோப்பாவின் மீட்டியோசாட்-9 நமக்கு மேற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 45.5 டிகிரியிலிருந்து பார்க்கிறது. அதில் அதே மேகம் 14 கி.மீ. கிழக்கே, கடலுக்குள் போய்விடும். ஒரே மேகத்துக்கு இரண்டு படங்களில் 54 கி.மீ. இடைவெளி.

விதி எளிது: உயரமான மேகம், செயற்கைக்கோள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விலகும். தாழ்ந்த மேகம் அதிகம் விலகாது.

ஹிமவாரி படம் 10 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, பார்க்கவும் அழகு. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு நான் இன்சாட்டையே முதலில் திறப்பேன். ஹிமவாரியின் 2 கி.மீ. அகச்சிவப்புப் புள்ளி நம் பக்கம் வரும்போது சாய்வினால் கிழக்கு மேற்காக 6 கி.மீ. அளவுக்கு நீண்டுவிடுகிறது. இன்சாட்டின் 4 கி.மீ. புள்ளி நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 4 ஆகவே இருக்கிறது.

ராத்திரி பார்த்த புயல் மையம் விடிந்ததும் வேறிடத்தில்

புயல் நகர்ந்திருக்கலாம். ஆனால் விடிந்த முதல் விசிபிள் படத்தில் மையம் சட்டென்று நூறு கி.மீ. குதித்தால், பெரும்பாலும் நாம் ராத்திரி பார்த்தது மையமே இல்லை. மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேறு வேறு பக்கம் வீசும்போது, குளிர்ந்த மேகக் கூட்டம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, சுழற்சியின் நடு வெளியே கிடக்கும். அங்கே தாழ்ந்த மேகங்கள் மட்டுமே சுழலும். தாழ்ந்த மேகத்தின் வெப்பநிலை கடல்நீரின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால் அகச்சிவப்பில் அது கரைந்துபோகும். கண்ணோ பெரிய வெண்திரளைத்தான் நடு என்று எடுத்துக்கொள்ளும்.

ராத்திரியில் 3.9 மைக்ரான் படத்தில் தாழ்ந்த மேகச் சுருள்களைத் தேடிப் பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் மையம் இதுதான் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். விடியும் வரை காத்திருப்பதில் தப்பில்லை.

மூடுபனி இருக்கிறது, படத்தில் காணோம்

மார்கழியில் பஞ்சாபிலிருந்து பீகார் வரை கங்கைச் சமவெளி முழுக்க வெண்போர்வை. ராத்திரி அகச்சிவப்பில் வெறும் தரைதான் தெரியும். காரணம், மூடுபனியின் மேற்பரப்பும் தரையும் ஏறக்குறைய ஒரே குளிர். ஆனால் 3.9 மைக்ரானில் நீர்த்துளிகள் கொஞ்சம் குறைவாகக் கதிர்வீசும். அதனால் 3.9 மைக்ரான் வெப்பநிலையையும் 11 மைக்ரான் வெப்பநிலையையும் கழித்துப் பார்த்தால் மூடுபனி பளிச்சென்று எழுந்து வரும். இதற்கென்றே தயாரான மூடுபனிப் படங்கள் உண்டு.

அந்தப் படத்தில் சூரியன் உதித்ததும் மூடுபனி காணாமல் போனால், விலகிவிட்டது என்று வண்டியை எடுக்காதீர்கள். வெயில் வந்தவுடன் 3.9 மைக்ரானில் சூரிய ஒளியும் கலந்துவிடுகிறது, கழித்தல் கணக்கு குலைகிறது. அந்த இடைவேளையில் விசிபிள் படத்துக்கு மாற வேண்டும்.

நீராவிப் படத்தில் ஊரே இல்லை

இருக்காது. 7 மைக்ரான் பக்கத்து அலையைக் காற்றிலிருக்கும் நீராவி விழுங்கிவிடுவதால், கேமராவுக்கு வருவது ஏறத்தாழ 5 முதல் 10 கி.மீ. உயரத்திலிருந்து வரும் கதிர்தான். கறுப்பு என்றால் மேலே வறண்ட காற்று. கீழே புழுக்கமும் மழையும் இருக்கலாம்.

கடலில் ஒரு வெளிச்சத் திட்டு

விசிபிள் படத்தில் மேகம் போலவும் இல்லாமல், நீர் போலவும் இல்லாமல், வெள்ளி தேய்த்த மாதிரி ஒரு திட்டு. காலையில் கிழக்கே இருக்கும், மாலைக்குள் மேற்கே ஊர்ந்துவிடும். சூரியன் கடலில் பிரதிபலிப்பது அது. மார்ச் 20 வாக்கில் நண்பகலில் சூரியன், இன்சாட், கடல் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வருவதால் திட்டு இலங்கைக்குத் தெற்கே, பூமத்திய ரேகையின் மேல் விழும். அலையில்லாத இடத்தில் சின்னதாகவும் கண் கூசும்படியும், காற்றடிக்கும் இடத்தில் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கும். அகச்சிவப்பில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

படங்கள் விட்டுப்போகின்றன, அல்லது வெளிறிப் போகின்றன

எத்தனை மணிக்கு என்று குறித்துவையுங்கள். மணியே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தினமும் காலை 8.10, இரவு 8.10க்கு ஹிமவாரி படம் இல்லையா? 0240, 1440 யூடிசியில் அது தன் பராமரிப்பு வேலைக்காக முழு வட்டுப் படத்தை விட்டுவிடும். திட்டமிட்ட இடைவெளி.

நள்ளிரவை ஒட்டி இன்சாட் படம் வெளிறுகிறதா, அதுவும் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, அல்லது ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடு வரை? அது கிரகண காலம். இந்த நாட்களில் சூரியன் பூமத்திய ரேகைத் தளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், செயற்கைக்கோள் தினமும் பூமியின் நிழலுக்குள் போய்வரும். அதிகபட்சம் 72 நிமிடம். நிழலுக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் சூரியன் பூமியின் விளிம்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, நேராகத் தொலைநோக்கிக்குள் ஒளியடிக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுவது. இன்சாட்-3டிஎஸ் நிற்பது 82 டிகிரியில். அதனால் அதற்கு நள்ளிரவு நமக்கும் நள்ளிரவு.

நண்பகல் பக்கம் சில நிமிடம் மட்டும் படம் குலைந்தால், மார்ச் தொடக்கமா, அக்டோபர் தொடக்கமா என்று நாள்காட்டியைப் பாருங்கள். தரை நிலையத்து டிஷ்ஷிலிருந்து பார்க்கும்போது சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து இரைச்சல் கிளப்பும் நாட்கள் அவை. சில நாளில் தானாகத் தீரும்.

கோடுகளும் புள்ளிகளும்

கிழக்கு மேற்காக மெல்லிய கோடுகள் ஒரே சீராக ஓடினால், பக்கத்துப் பக்கத்து உணரிகள் ஒரே வெப்பத்தைச் சற்று வித்தியாசமாக அளக்கின்றன என்று பொருள். ஒரு பட்டை முழுக்க வெறுமையாக இருந்தால் தகவல் வந்து சேரவில்லை. ராத்திரி 3.9 மைக்ரான் படத்தில் இடிமேகத்தின் தலை மட்டும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மைனஸ் 70 டிகிரியில் இருக்கும் பொருள் அந்த அலையில் வீசும் கதிர் மிகமிகக் குறைவு. கருவியின் சொந்த இரைச்சலே மேலே தெரிகிறது.

கருவியே கெட்டுப்போனால்

அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2018 மார்ச் 1 அன்று அமெரிக்கா அனுப்பிய கோஸ்-17 வானிலைச் செயற்கைக்கோள் இதற்கு நல்ல உதாரணம். அகச்சிவப்பு உணரிகள் தாமே சூடாக இருந்தால், பூமியின் வெப்பத்தை விட்டுவிட்டுத் தம் வெப்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவற்றைச் சுமார் மைனஸ் 213 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கோஸ்-17இல் அந்த வெப்பத்தை வெளியே கடத்தும் குழாய் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. பகலில் படம் நன்றாக வரும். ஆண்டின் வெப்பமான காலங்களில் ராத்திரி சில மணி நேரம் சில அகச்சிவப்பு அலைவரிசைகள் வெளுத்து, கோடு கோடாகி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போகும். பொறியாளர்கள் அதைக் கைவிடவில்லை. எந்த நாளில், எந்த மணியில், எந்த அலைவரிசை போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லி, 2019 பிப்ரவரி முதல் பசிபிக் பக்கத்துக் காவலுக்கு அதையே பயன்படுத்தினார்கள். 2023 ஜனவரியில்தான் கோஸ்-18 அந்த இடத்துக்கு வந்தது.

நம் இன்சாட்-3டி வரிசையில் இதே வெப்பப் பிரச்சினைக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். குளிர்விப்பான் இருக்கும் பக்கத்தில் வெயில் படக்கூடாது. சூரியன் ஆறு மாதம் வடக்கே, ஆறு மாதம் தெற்கே. எனவே ஆண்டுக்கு இரண்டு முறை விண்கலத்தையே அரைச்சுற்றுத் திருப்பி, குளிர்விப்பானை நிழல் பக்கமாக வைக்கிறார்கள்.

ஆகவே மேலே சொன்ன எதிலும் அடங்காமல், ஒரே அலைவரிசை மட்டும், தினமும் ஒரே மணியில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் கோளாறாக இருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள். படத்தை ஓரத்து எழுத்தோடு முழுசாகச் சேமித்து, யூடிசி நேரத்தையும் அலைவரிசையையும் எழுதி, முந்தைய இரண்டு நாட்களின் அதே மணிப் படத்தையும் சேர்த்து, படம் வெளியிடும் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினால் கோடுகளே அழிந்துவிடும். மூலக் கோப்பாகவே அனுப்புங்கள்.